புள்ளைய மடியிலயே வச்சிருக்காதீங்க

போன வாரம் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். பந்தி முடிஞ்சு கை கழுவிட்டு வர்றேன், ஒரு பொண்ணு சுவரோரமா உக்காந்து நாலு மாசக் குழந்தைய துண்டுல சுத்தி மடியில வச்சிருக்கு. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். இதயத்துல ஓட்டையும் இருக்குன்னு சொல்லிட்டாங்களாம். சுத்தி நாலு பெரியவங்க. எல்லாரும் ஒரே பேச்சு.

"மொதல்ல ஹார்ட்டு சரியாவட்டும்மா. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். புள்ளைய கீழ மட்டும் விட்டுடாத."

எனக்கு சுருக்குன்னு கோபம் வந்துச்சு. அந்தப் பெரியவங்க மேல இல்ல. அவங்க பாசத்துல சொல்றாங்க. இதே பேச்ச என்கிட்டயும் எத்தனையோ பேரு சொன்னாங்க, வெள்ளைக் கோட்டு போட்டவங்க உட்பட. அந்தப் பேச்சக் கேட்டு மாசக்கணக்கா மடியிலயே கெடந்த குழந்தைங்களை தெரபிக்குப் போற எடத்துல நான் நிறைய பாத்துட்டேன். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருக்கும். ஆனா ஒரு வயசு தாண்டியும் கழுத்து நிக்காது.

அந்தச் சத்தத்துக்கு நடுவுல அந்தப் பொண்ணுகிட்ட பாதிதான் பேச முடிஞ்சுது. மீதிய இங்க எழுதுறேன். அவளுக்கும், அவள மாதிரி இருக்கிற மத்தவங்களுக்கும்.

முதல்ல எங்களப் பத்தி. ஈசிஆர்ல சென்னையிலேர்ந்து பாண்டிச்சேரி போறப்ப, பாண்டி வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ரோட்டோரம் கண்ணு கூசுற மாதிரி வெள்ளை வெள்ளையா குவியல் தெரியும்ல? அதுதான் மரக்காணம். மாமனார் வாழ்க்கை முழுக்க உப்பளத்துலதான். எங்க வீட்டுக்காரரும் சீசன்ல அங்கதான் வேலை. மழை வந்துட்டா ஆட்டோ ஓட்டுவாரு. எங்களுக்கு ரெண்டு புள்ளைங்க. பெரியவ பள்ளிக்கூடம் போறா. சின்னவனுக்கு ரெண்டரை வயசு. அவனுக்கு டவுன் சிண்ட்ரோம். பொறந்த கொஞ்ச நாள்ல எக்கோ (இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன்) எடுத்ததுல ஏவிஎஸ்டின்னு வந்துச்சு.

இங்கயே ஒண்ணு சொல்லிடுறேன். டவுன் சிண்ட்ரோமோட பொறக்கிற குழந்தைங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இதயத்துலயும் ஏதாவது கோளாறு இருக்கும். அதனால குழந்தை நல்லா சிரிக்குது, நல்லா பால் குடிக்குது, டாக்டர் ஸ்டெதஸ்கோப் வச்சுப் பாத்து ஒண்ணும் கேக்கலன்னு சொன்னாருன்னு விட்டுடாதீங்க. எக்கோ எடுத்தே ஆகணும். பொறந்த முதல் மாசத்துக்குள்ளயே.

ஏவிஎஸ்டின்னா என்னன்னு எங்க வீட்டுல முதல்ல புரிஞ்சுக்கிட்டது மாமனார்தான். டாக்டர் பேப்பர்ல படம் போட்டாரு. மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறை, அந்த நாலும் சேர்ற நட்டநடுவுல சுவரு இல்ல. தனித்தனியா ரெண்டு வால்வு இருக்க வேண்டிய எடத்துல ஒரே பெரிய வால்வு. மாமனார் கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பாத்துட்டு, "நடு வரப்பு ஒடைஞ்சா பாத்தித் தண்ணி ஒண்ணோட ஒண்ணு கலந்துடும், அது மாதிரியா சார்?"னு கேட்டாரு. அதேதான். வீரியமான தண்ணி ஒரு பாத்தி, வீரியம் கம்மியான தண்ணி ஒரு பாத்தி, நடுவுல வரப்பு போச்சுன்னா ரெண்டும் பாழ். நல்ல ரத்தம் உடம்புக்குப் போறதுக்குப் பதிலா திரும்பத் திரும்ப நுரையீரலுக்கே போயிக்கிட்டிருக்கும். நுரையீரல் ஊறிப் போயி குழந்தை மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும்.

இதுக்கு மருந்து குடுத்துக்கிட்டே வருஷக்கணக்கா தள்ளிப் போட முடியாது. அவ்வளவு ரத்தத்தத் தாங்கித் தாங்கி நுரையீரல் ரத்தக் குழாயெல்லாம் தடிச்சு இறுகிடும். அந்த நிலைக்குப் போயிட்டா ஆபரேஷனே பண்ண முடியாது. டவுன் குழந்தைங்களுக்கு இது இன்னும் சீக்கிரமா வரும். அதனாலதான் ஏவிஎஸ்டிய பெரும்பாலும் முதல் ஆறு மாசத்த ஒட்டியே சரி பண்ணிடப் பாக்குறாங்க. 'புள்ள கொஞ்சம் தேறட்டும், ரெண்டு வயசாவட்டும்'னு வீட்டுல யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க. இந்த ஒரு விஷயத்துல ஹார்ட்டுதான் முதல்ல. நான் மறுக்கல.

ஆனா ஆபரேஷன் தேதி வர்ற வரைக்கும் நடுவுல மாசங்கள் போகுதே. அந்த மாசங்கள்ல மூளை சும்மா இருக்குமா? முதல் ரெண்டு மூணு வருஷத்துல மூளை வளர்ற வேகம் அப்புறம் எந்த வயசுலயும் வராது. டவுன் குழந்தைங்களுக்கு உடம்பே தளர்வு. தூக்கினா கைக்குள்ளேர்ந்து வழுக்கிப் போற மாதிரி இருக்கும். அதோட ஹார்ட்டும் சேந்தா, அசையறதுக்கே தெம்பு இருக்காது. அசையாத குழந்தை எதையும் எட்டிப் புடிக்காது, திரும்பிப் பாக்காது. இப்படியே பின்தங்கிப் போகும். டவுன் சிண்ட்ரோம் இல்லாத குழந்தைங்களுக்குக்கூட, பெரிய இதயக் கோளாறு இருந்தா வளர்ச்சியையும் கூடவே கவனிச்சுக்கிட்டே வரணும்னு அமெரிக்க இதயச் சங்கம் 2012லயே சொல்லிருக்கு. ஹார்ட்டு டாக்டர் ஹார்ட்ட மட்டும் பாப்பாரு. கழுத்தப் பத்தி நாமதான் கேக்கணும்.

சரி, சாப்பாட்டுக் கதைக்கு வர்றேன். எங்க வீட்டுல பெரிய போராட்டமே அதுதான்.

ஹார்ட்டு குழந்தைக்குப் பால் குடிக்கிறதே ஒரு உழைப்பு. மார்கழி விடியக்காலை, நான் போர்வைக்குள்ள நடுங்கிக்கிட்டிருக்கேன், இவன் நாலு வாய் உறிஞ்சினதும் நெத்தி பூரா முத்து முத்தா வேர்க்கும். உச்சந்தலை முடியெல்லாம் நனைஞ்சு ஒட்டிக்கும். மூச்சு வாங்கும், தூங்கிடுவான், கொஞ்ச நேரத்துல பசிச்சு அழுவான். அழுதா அதுலயும் தெம்பு போகும். (பால் குடிக்கிறப்ப குழந்தைக்கு நெத்தி வேர்த்தா, அது புழுக்கம்னு நெனச்சு விசிறிக்கிட்டு இருக்காதீங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க.)

என்னென்னமோ பண்ணிப் பாத்தோம். கடையில விக்கிற பாட்டில் நிப்பிள் வகை வகையா வாங்கினோம், எதுவும் ஒத்து வரல. கடைசியில கை குடுத்தது எங்க அம்மா வீட்டுப் பரண்ல கெடந்த பாலாடை (பால் ஊட்டுற சங்கு). பாலப் பீச்சி எடுத்து, பாலாடையில கொஞ்சம் கொஞ்சமா, அவன நிமுத்தி வச்சு. ஒரு வேளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல இழுக்கக் கூடாது. அதுக்கு மேல போனா குடிச்ச பாலோட சத்தெல்லாம் குடிக்கிற உழைப்புக்கே போயிடும். கொஞ்சமா, அடிக்கடி. ராத்திரி பகல் தெரியாது. எடை மிஷின்ல அம்பது கிராம் ஏறினா அன்னிக்கு எங்க வீட்டுல திருவிழா.

ஆறு மாசத்துக்கப்புறம் அங்கன்வாடி சத்துமாவுக் கஞ்சி. அதுல டயட்டீஷியன் சொன்ன அளவுல தேங்கா எண்ணெய். வயிறு சின்னது, தேவை பெருசு. அதனால ஒவ்வொரு ஸ்பூன்லயும் சத்த ஏத்தணும்.

அப்புறம் உப்பு! உப்பு விளையற ஊர்ல உப்பு போடாத கஞ்சி. எங்க வீட்டு ஆயாவுக்கு, அதான் பாட்டிக்கு, மனசே ஆறல. "ஏங் கண்ணு, ஊருக்கே உப்புப் போடுற வீடு, நம்ம புள்ளைக்கு ஒரு சிட்டிகை கெடையாதா?"ன்னு என்கிட்டயும் கேட்டாங்க, டாக்டர்கிட்டயும் கேட்டாங்க. ஒரு வயசு வரைக்கும் எந்தக் குழந்தைக்குமே உப்பு சேக்கத் தேவையில்ல. அதுலயும் ஹார்ட்டு குழந்தைக்கு உடம்புல தங்குற தண்ணிய வெளியேத்த ஒரு பக்கம் சிரப் குடுக்கிறோம். உப்பு போட்டா அந்தத் தண்ணிய உடம்பு புடிச்சு வச்சுக்கும். டாக்டர் பொறுமையா சொன்னதும் ஆயா ஒத்துக்கிட்டாங்க. ஒத்துக்கிட்டதோட நிக்கல. வீட்டுக்கு வர்றவங்க யாராவது பிஸ்கட்டையோ முறுக்கையோ எடுத்து நீட்டினா மொதல் ஆளா தடுத்தது ஆயாதான்.

உப்புப் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடுறேன். உப்பள ஊர்க்காரங்க கட்டாயம் கேக்கணும். நம்ம வீடுங்கள்ல பாத்தியிலேர்ந்து வர்ற உப்பையே அப்படியே கொழம்புக்குப் போடுற பழக்கம் இருக்கு. கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் போடுங்க, தப்பில்ல. ஆனா வீட்டுல கர்ப்பிணி இருந்தா, சின்னக் குழந்தை இருந்தா, தெனசரி சமையலுக்கு அயோடின் கலந்த பாக்கெட் உப்புதான். வயித்துல இருக்கிற குழந்தையோட மூளை வளர்றதுக்கு அயோடின் வேணும். பாத்தி உப்புல அது போதுமான அளவுக்கு இருக்காது. தனியா கலந்தாத்தான் உண்டு. சாப்பாட்டுக்கு விக்கிற உப்புல அயோடின் கலந்தே ஆகணும்னு 2006 மே மாசத்துலேர்ந்து இந்தியா முழுக்க சட்டமே இருக்கு. நம்ம வாரிக் குடுக்கிற உப்பு எங்கயோ போயி அயோடின் கலந்து வேற ஊரு புள்ளைங்களக் காப்பாத்துது. நம்ம ஊரு புள்ளைங்களுக்கும் அது கெடைக்கணும்ல?

(இதக் கேட்டுட்டு ஒரு அக்கா, "அப்ப நீ பாத்தி உப்பு சாப்பிட்டதாலதான் புள்ள இப்படிப் பொறந்துச்சா?"ன்னாங்க. இல்லவே இல்ல. டவுன் சிண்ட்ரோம் 21ஆவது குரோமோசோம் ரெண்டுக்குப் பதிலா மூணா இருக்கிறதால வர்றது. 1959லயே கண்டுபுடிச்சுட்டாங்க. சாப்பிட்டது, பாத்தது, கிரகணத்துல வெளிய போனது எதாலயும் வராது. அயோடின் கதை வேற. ஆனா டவுன் குழந்தைங்களுக்கு தைராய்டு குறைபாடும் நிறைய வரும். பொறந்ததும், ஆறாவது மாசம், ஒரு வயசுல, அப்புறம் வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை பண்ணணும். சின்னவனுக்கும் வந்துச்சு. தெனமும் காலையில வெறும் வயித்துல கால் மாத்திரை. அவ்வளவுதான்.)

இப்ப கழுத்து.

ஹார்ட்டு டாக்டர்கிட்ட நான் நேராவே கேட்டேன்: "இவன குப்புறப் போடலாமா, தெரபி ஆரம்பிக்கலாமா?" அவரு சொன்னாரு, "போடுங்க. மூச்சு ரொம்ப வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, வேர்த்தாலோ நிறுத்திடுங்க. குழந்தையே உங்களுக்கு அளவு சொல்லும்." இந்த ஒரு பதில வாங்கிட்டு வந்ததுலதான் எங்க வாழ்க்கையே மாறுச்சு. உங்க குழந்தைக்கு வேற பதில் வரலாம். ஆனா அந்தக் கேள்விய வாயத் தொறந்து கேளுங்க.

தரையில குப்புறப் போட்டா சின்னவன் ரெண்டு நிமிஷத்துல களைச்சிடுவான். அதனால ஆரம்பத்துல அவனோட தரை எங்க மாமனாரோட நெஞ்சுதான். உப்பு வாரிட்டு மத்தியானம் வீட்டுக்கு வருவாரு. குளிச்சுட்டு கை ரெண்டுலயும் தேங்கா எண்ணெய் தடவுவாரு. உப்புத் தண்ணியில வெடிச்ச கை, புள்ள தோல்ல பட்டா ரம்பம் மாதிரி கீறிடும்னு அவருக்கு பயம். சாய்வு நாற்காலியில சாஞ்சுக்கிட்டு பேரன நெஞ்சு மேல குப்புறப் போட்டுப்பாரு. சாஞ்ச வாக்குல இருக்கிறதால தலையத் தூக்க அவனுக்கு அவ்வளவு கஷ்டமில்ல. தாத்தா பேச ஆரம்பிப்பாரு. இன்னிக்கு உப்புத் தண்ணி எத்தன டிகிரி வந்துச்சு, எந்தப் பாத்தியில உப்பு பூத்துச்சு, யாரு மேஸ்திரிகிட்ட சண்டை போட்டா, எல்லா ஊர்க்கதையும். குரல் வர்ற எடத்தப் பாக்க இவன் தலையத் தூக்குவான். ஆடும். விழும். திரும்பத் தூக்குவான். ஆபரேஷனுக்கு முன்னாடியே கழுத்து பாதி நின்னுடுச்சு. ஒரு பைசா செலவில்ல.

ஆபரேஷன் சென்னையில. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல நடந்துச்சு. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். குழந்தைங்களோட இதய ஆபரேஷனெல்லாம் அதுல வரும். ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதார் மூணையும் குழந்தை பொறந்த கையோட தயார் பண்ணி வச்சுடுங்க. குழந்தை பேர ரேஷன் கார்டுல சேக்கிறதுதான் நிறைய பேருக்கு இழுத்தடிக்குது. ஆபரேஷன் இலவசம், சரி. பஸ்ஸு, சாப்பாடு, கூட இருக்கிறவங்களோட கூலி இதெல்லாம் நம்ம தலையிலதான். சீசன்ல ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போச்சு.

ஆபரேஷன் முடிஞ்சு வந்ததும் ஒரு முக்கியமான விஷயம். நடு நெஞ்செலும்ப வெட்டித் தொறந்துதான் இந்த ஆபரேஷன் பண்றாங்க. அது கூடி வர ஆறு எட்டு வாரமாகும். அது வரைக்கும் அக்குள்ல கை குடுத்துக் குழந்தையத் தூக்கவே கூடாது. ஒரு கை தலைக்கும் தோளுக்கும் கீழ, இன்னொரு கை பிட்டத்துக்குக் கீழ, வாரி எடுக்கணும். நம்ம ஊர்ல குழந்தையப் பாக்க வர்றவங்க செய்யிற முதல் காரியம் என்ன? "வாடா ராசா"ன்னு அக்குள்ல கை விட்டு மேல தூக்குறதுதான்! பெரியவ வாசல்லயே உக்காந்துட்டா. வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் கைய விரிச்சுக் காட்டி எப்படித் தூக்கணும்னு பாடம் எடுத்தா. பாடத்துல பாஸானாத்தான் உள்ள. வி.ஏ.ஓ. வந்தப்பகூட விடல.

அந்த வாரங்கள்ல குப்புறப் போடக் கூடாது. ஆனா மல்லாக்கப் படுத்துக்கிட்டே கண்ணாலப் பின்தொடர்றது, கைய எட்டி வளையலப் புடிக்கிறது, பேர் சொன்னா திரும்புறது, இதெல்லாம் பண்ணலாமே! பண்ணினோம். நெஞ்செலும்பு கூடினதும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு மறுபடி தரைக்கு எறங்கினோம்.

தெரபி எங்க? ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அரசாங்கத்தோட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கு. டிஇஐசின்னு சொல்வாங்க. பெரும்பாலும் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலதான் இருக்கும். இலவசம். 2013ல ஆரம்பிச்ச ஆர்பிஎஸ்கேங்கிற குழந்தைங்க நலத் திட்டத்துல வர்றது இது. அதே திட்டத்துலதான் வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்கன்வாடிக்கு டாக்டர் வண்டி வரும். வண்டி வர்ற அன்னிக்குக் குழந்தைய வீட்டுலயே வச்சுக்காதீங்க. 'ஊர்ல நாலு பேரு பாப்பாங்க'ன்னு மறைக்கிற குழந்தைக்குத்தான் அந்த வண்டியே வருது.

ஆனா மரக்காணத்துலேர்ந்து வாராவாரம் மாவட்டத் தலைநகருக்குப் போறதுன்னா ரெண்டு பஸ் மாறணும். அன்னிக்குக் கூலியும் போச்சு. இதுதான் எனக்கு ஆதங்கம். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில அமர் சேவா சங்கம் 1981லேர்ந்து இருக்கு. அவங்க கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி குடுத்து, வீட்டுக்கு வீடு அனுப்பி தெரபி குடுக்கிறாங்க. அதுதான் சரியான வழின்னு நான் உறுதியா நம்புறேன். நடக்க முடியாத குழந்தைய நூறு கிலோமீட்டர் அலைய வைக்கிறத விட, நடக்கத் தெரிஞ்ச பெரியவங்க குழந்தைய தேடி வர்றதுதானே நியாயம்? கடலோரத்துக்கும் அது வரணும். அது வர்ற வரைக்கும் நான் பண்றது, தெரபிஸ்ட் செஞ்சு காட்டுறத போன்ல வீடியோ எடுத்துட்டு வந்து வீட்டுல எல்லாருக்கும் காட்டுறது. வீட்டுல இருக்கிற அஞ்சு பேரும் தெரபிஸ்ட்தான்.

உக்கார வைக்க எங்களுக்கு உதவினது கடற்கரை மணல். விடியக்காலை, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, ஈர மணல்ல இடுப்பளவுக்குக் குழி தோண்டி உள்ள உக்கார வைப்போம். சுத்தி மணல் அணைச்சுக்கும். இடுப்பு ஆடாது, கை ரெண்டும் சும்மா இருக்கும். எதுக்க கொட்டாங்குச்சி, சிப்பி. பக்கத்துல அவன் நைனா, அதான் எங்க வீட்டுக்காரரு. எங்க ஊர்ப் பக்கம் நடக்கத் தாமதமாகிற குழந்தைங்களுக்குப் பெரியவங்க பண்ற வைத்தியம்தான் இது. தெரபிஸ்ட்கிட்ட கேட்டேன். "அருமையான சேர், இதவிட நல்லதா நான் குடுக்க முடியாது. முழங்கால் விரியாம மட்டும் பாத்துக்கங்க"ன்னாங்க. டவுன் குழந்தைங்க கால அகட்டி அகட்டி உக்காருவாங்க, இடுப்பு மூட்டு தளர்வுனால. குழிய ஒடுக்கமாத் தோண்டினா கால் தானா சேந்துக்கும்.

2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்துச்சே, மறக்க முடியுமா. பாண்டிக்குப் பக்கத்துல கரையக் கடந்து நகராம நின்னு ஊத்துச்சு. மயிலத்துல மட்டும் 50 சென்டிமீட்டர். உப்பளம் முழுக்க கடல் மாதிரி ஆயிடுச்சு. கரண்டு இல்ல, ரோடு இல்ல. எங்க கவலை மருந்து. ஹார்ட்டு மருந்து, தைராய்டு மாத்திரை ரெண்டும் ஒரு நாள்கூட நிக்கக் கூடாது. மழைக்காலம் தொடங்குறப்பவே ரெண்டு வாரத்துக்கு மருந்து கூடுதலா வாங்கி, ஊசி இல்லாத சிரிஞ்ச், மருந்துச் சீட்டு, எக்கோ ரிப்போர்ட்டு நகல் எல்லாத்தையும் காத்துப் புகாத டப்பாவுல போட்டு வச்சிருந்தோம். மாத்திரையக் கரைக்கிறதுக்குக் காய்ச்சி ஆறின தண்ணி ஒரு பாட்டில். கடலோரத்துல இருக்கிற ஹார்ட்டு குழந்தை வீட்டுல அக்டோபர்லயே அந்த டப்பா தயாரா இருக்கணும். வீட்டுல யாரு மொதல்ல ஓடினாலும் அதத் தூக்கிக்கிட்டு ஓடணும்.

தடுப்பூசியும் ஒண்ணு விடாதீங்க. ஹார்ட்டு குழந்தைக்குச் சளிதான் எமன். நிமோனியா வராம இருக்க போடுற பிசிவி ஊசி இப்ப அரசு ஆஸ்பத்திரியிலயே இலவசம். விறகடுப்புப் புகையில குழந்தைய வச்சுக்காதீங்க.

இப்ப சந்தோஷமான செய்தி. சின்னவன் நிக்கிறான்! புடிச்சுக்கிட்டுதான், ஆனா நிக்கிறான். டவுன் குழந்தைங்க நடக்க ரெண்டு வயசுலேர்ந்து நாலு வயசு வரைக்கும் ஆகலாம். எங்களுக்கு அவசரமில்ல.

நடக்க வைக்கிறேன்னு கடையில விக்கிற சக்கரம் வச்ச வாக்கர் ஒருத்தங்க அன்பளிப்பா குடுத்தாங்க. நாங்க அதுல உக்கார வைக்கல. நடுவுல துணியில தொங்கவிட்டா குழந்தை நுனிக்கால்ல உந்திக்கிட்டே போகும். இடுப்புக்கும் பாதத்துக்கும் வேலையே இருக்காது. உருண்டு விழுற ஆபத்து வேற. கனடாவுல 2004லேர்ந்து அத விக்கிறதுக்கே தடை. நம்ம மர நடைவண்டிதான் நல்லது. அவனே புடிச்சு, அவனே நின்னு, அவனே தள்ளணும். ஒரு சிக்கல், நடைவண்டி லேசா இருக்கிறதால இவன் சாஞ்சதும் சர்ருனு ஓடிடும். செங்கல் வச்சுப் பாத்தோம், சரிஞ்சு விழுது. அரிசி மூட்டை வச்சுப் பாத்தோம், எலி வருது. கடைசியில வீட்டுக்காரரு ஒரு ரெண்டு கிலோ உப்புப் பைய வண்டியோட குறுக்குக் கட்டையில கட்டித் தொங்கவிட்டாரு. கச்சிதம்! அவன் வேகத்துக்கு ஏத்த மாதிரி உப்பக் குறைச்சுக்கலாம், கூட்டிக்கலாம். தெரபிஸ்ட் அத போட்டோ எடுத்து வச்சுக்கிட்டாங்க.

பேச்சு இன்னும் வரல. ஆனா நாலஞ்சு சைகை தெரியும். 'இன்னும்', 'போதும்', 'வா', 'இல்ல'. சைகை சொல்லிக் குடுத்தா பேச்சு வராதுன்னு சிலர் பயமுறுத்துவாங்க. அப்படியில்ல, சைகை பேச்சுக்கு வழிதான் விடும். ஆனா காத டெஸ்ட் பண்ணிடுங்க. டவுன் குழந்தைங்களுக்குக் காதுக்குள்ள நீர் கோத்துக்கிட்டு சத்தம் மங்கலாக் கேக்குறது ரொம்ப சகஜம். கேக்காத குழந்தைய 'மந்தம்'னு சொல்லிடுவாங்க. சின்னவனுக்கு ரொம்பப் புடிச்சது 'இன்னும்'. கஞ்சிக்கும் காட்டுவான், தாத்தா கதைக்கும் காட்டுவான், மழைக்கும் காட்டுவான்.

ஊர்ல சிலர் என்ன பாவப்பட்டு, "எத்தன நாளைக்கும்மா இந்தக் கஷ்டம்?"னு கேப்பாங்க. அவங்க மனசுல இருக்கிற கேள்வி என்னன்னு எனக்குத் தெரியும். அதுக்கும் பதில் இருக்கு. அமெரிக்காவுல 1983ல டவுன் சிண்ட்ரோம் உள்ளவங்களோட சராசரி ஆயுள் 25. இப்ப 60. நடுவுல பெரிய மாத்தம் என்னன்னா, அவங்க இதயத்துக்கும் ஆபரேஷன் பண்ண ஆரம்பிச்சதுதான். அதுக்கு முன்னாடி 'இவங்களுக்கு எதுக்கு'ன்னு நிறைய எடத்துல ஒதுக்கிட்டிருந்தாங்க. நம்ம ஊர்லயும் போராடினவங்க இருக்காங்க. சென்னையில சுரேகா ராமச்சந்திரன்னு ஒரு அம்மா தன் மகளுக்காக அலைஞ்சு அலைஞ்சு, மத்த பெத்தவங்களையும் சேத்து டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியாவையே உருவாக்கினாங்க. என் புள்ளைக்கு அறுபது வயசு வரைக்கும் வாழ்க்கை இருக்குன்னா, அவன் நடக்கணும், தானா சாப்பிடணும், கடைக்குப் போயி மீதிச் சில்லறை எண்ணி வாங்கணும். அதுக்குத்தான் இப்பவே தரையில விடுறேன்.

காசு விஷயம் ரெண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல அறிவுத்திறன் குறைபாட்டுல டவுன் சிண்ட்ரோம் வரும். தகுதி இருந்தா தமிழ்நாடு அரசோட பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2,000 ரூபா. அப்புறம் நேஷனல் ட்ரஸ்டோட நிராமயா காப்பீடு, வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும், இதுல தெரபி செலவும் வாங்கலாம். நிராமயா பத்தி எங்களுக்கு ஆஸ்பத்திரியில யாரும் சொல்லல. வெளிய காத்திருந்த இன்னொரு அம்மாதான் சொன்னாங்க. அந்த பெஞ்சில கெடைச்ச தகவல் மாதிரி வேற எங்கயும் எனக்குக் கெடைச்சதில்ல.

சின்னவன் அடுத்த மாசத்துலேர்ந்து அங்கன்வாடிக்குப் போறான். டீச்சர்கிட்ட பேசிட்டேன். முதல்ல தயங்கினாங்க, "எதாவது ஆயிட்டா?"ன்னு. ஒரு பேப்பர்ல பெருசா எழுதிக் குடுத்திருக்கேன்: உதடு நீலமானா, மூச்சு வாங்கினா உடனே 108. மத்தபடி ஓட விடுங்க, விழ விடுங்க. அந்தப் பேப்பர சுவத்துல ஒட்டிட்டாங்க. இப்ப அவங்களே "அவனோட நடைவண்டியையும் கொண்டு வாம்மா, மத்த புள்ளைங்களும் ஓட்டட்டும்"ங்கிறாங்க.

அதனால ஒரு உதவி. எங்ககிட்ட இருக்கிறது ஒரே வண்டி, வீட்டுலயும் தேவை. அனுமந்தை, கூனிமேடு, மரக்காணம் பக்கம் யாரு வீட்டுப் பரண்லயாவது பழைய மர நடைவண்டி சும்மா கெடந்தா எடுத்து வைங்க. சக்கரம் ஒடைஞ்சிருந்தாலும் பரவால்ல, எங்க வீட்டுக்காரரு ஆட்டோவுல வந்து வாங்கிட்டுப் போயி சரி பண்ணிக்குவாரு. ரெண்டு கெடைச்சா ஒண்ணு அங்கன்வாடிக்கு, இன்னொண்ணு வளைகாப்புல பாத்த அந்தப் பொண்ணு வீட்டுக்கு.